குறுக்கே வைத்த எஞ்சின் யாருடையது?

தெருவில் நிற்கும் சின்னக் கார் எதுவானாலும் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஆல்ட்டோவோ ஐ10ஓ டியாகோவோ, உள்ளே இருப்பது ஒரே ஏற்பாடுதான். எஞ்சின் குறுக்குவாட்டில் நிற்கும். அதன் ஒரு முனையில், அதே வரிசையில், கியர்பாக்ஸ் கோத்திருக்கும். அங்கிருந்து ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இரண்டு ஷாஃப்டுகள் முன்சக்கரங்களுக்குப் போகும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இலும் இதுதான், 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவிலும் இதுதான். உலகம் முழுக்க இன்று ஓடும் பெட்ரோல், டீசல் சிறு கார்களில் மிகப் பெரும்பான்மை இந்த அச்சில் வார்த்தவை.

இது யாருடைய வேலை என்று கேட்டால் மோட்டார் பத்திரிகை படிக்கிறவர்கள் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்வார்கள்: 1959இல் மினியைத் தந்த அலெக் இஸ்ஸிகோனிஸ். 1999இல் பல நாட்டு மோட்டார் இதழாளர்கள் கூடி நூற்றாண்டின் காரைத் தேர்ந்தெடுத்தபோது மினிக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. ஃபோர்டின் மாடல் டி மட்டுமே அதற்கு முன்னால் இருந்தது. ஃபியட்டின் தலைமைப் பொறியாளராக இருந்த தாந்தே ஜாக்கோஸாவின் வண்டி எதுவும் முதல் ஐந்துக்குள் வரவில்லை.

ஆனால் பழைய மினியின் பானெட்டைத் தூக்கினால் நான் மேலே சொன்ன ஏற்பாடு இருக்காது. எஞ்சின் குறுக்கேதான் இருக்கும். கியர்பாக்ஸைக் காணோம். அது எஞ்சினுக்கு அடியில், எண்ணெய் தேங்கும் சம்புக்குள் இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடுகிறவர்கள்தான் இஸ்ஸிகோனிஸுக்கு முழுப் பட்டத்தையும் கொடுக்கிறார்கள். எனக்கு அது சிறிய விஷயமாகத் தெரியவில்லை. வழக்கே அங்கேதான் இருக்கிறது.

முதலில் மினிக்குரிய மரியாதையைக் குறைவில்லாமல் கொடுத்துவிட வேண்டும். 1956இல் சூயஸ் நெருக்கடி வந்தது, பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. ஜெர்மனியிலிருந்து மூன்று சக்கரக் குமிழ்க் கார்கள் வந்து விற்கத் தொடங்கின. பி.எம்.சி. நிறுவனத் தலைவர் லெனர்ட் லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. நான்கு பேர் உட்காரும் உண்மையான சின்னக் கார் வேண்டும், சீக்கிரம் வேண்டும், எஞ்சின் மட்டும் ஏற்கெனவே நம்மிடம் உள்ளதாக இருக்க வேண்டும் என்றார். இன்றைய இஸ்மிராகிய ஸ்மிர்னாவில் 1906இல் பிறந்து, ஊர் எரிந்தபின் அகதியாக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த இஸ்ஸிகோனிஸிடம் அந்தப் பொறுப்பு வந்தது. அவர் தனக்கே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார். வண்டியின் நீளம் பத்தடி, அதாவது 3.05 மீட்டர். தளத்தில் ஐந்தில் நான்கு பங்கு மனிதருக்கும் பெட்டிக்கும், எந்திரத்துக்கு மிச்சம் ஒரு பங்குதான்.

இதைச் சாதித்த விதம் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. நீளவாக்கில் வைத்தால் இடத்தைத் தின்கிற நான்கு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே திருப்பினார். திருப்பியதும் அகலம் போதவில்லை. கையில் கொடுத்த ஏ-சீரிஸ் எஞ்சின் நீளமானது, வண்டியோ 1.41 மீட்டர் அகலம். கியர்பாக்ஸைப் பக்கத்தில் வைக்க இடமே இல்லை. ஆகவே அதைக் கீழே இறக்கினார். பக்கத்து அறைக்கு மனை இல்லாதவன் மாடி கட்டுவதுபோல. சக்கரங்களைப் பத்து அங்குலத்துக்குச் சுருக்கினார், டன்லப் அதற்கென்றே டயர் செய்தது. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர்க் கூம்புகள் வந்தன. நான்கு சக்கரமும் நான்கு மூலையில். கதவின் உட்புறத்தைக் குடைந்து பெரிய பை ஆக்கினார். கண்ணாடியை மேலே கீழே சுற்றும் பொறிக்கு அங்கே இடமில்லை என்பதால் தள்ளுக் கண்ணாடி. உத்தரவு பிறந்து இரண்டரை ஆண்டுக்குள், 1959 ஆகஸ்ட் 26 அன்று, 848 சிசி எஞ்சினோடு, வரி சேர்த்து 500 பவுண்டுக்குள் வண்டி சந்தைக்கு வந்துவிட்டது. 2000 வரை 53 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியை வென்றது. பந்தயத்துக்கென்று பிறந்த வண்டியும் அல்ல அது.

முதன்மை யாருக்கு என்ற கேள்வியில் மினி முதலில் வந்தது என்பதையே பெரிய வாதமாக வைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஜெர்மனியின் டிகேடபிள்யூ எஃப்1 1931லேயே எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரங்களை ஓட்டியது. ஸ்வீடனின் சாப் 92ம் அப்படியே. ஆனால் அவை இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள், நீளம் குறைந்தவை. தண்ணீரில் குளிரும் நான்கு சிலிண்டரைக் குறுக்கே வைத்து லட்சக்கணக்கில் விற்றது மினிதான். அதுவும் தனி ஒருவர் செய்ததில்லை. வளைந்து திரும்பும் சக்கரத்துக்குச் சீராகச் சக்தி கடத்தும் ஜாயின்ட் இல்லாவிட்டால் மினி வரைபடத்தோடு நின்றிருக்கும். அந்த ஜாயின்டின் மூலம் ஆல்ஃப்ரெட் ர்ஸெப்பா 1920களில் செய்தது. இஸ்ஸிகோனிஸ் காகிதத் துண்டுகளில் கிறுக்கிய படங்களை அளவெடுத்த வரைபடமாக மாற்றியவர் ஜாக் டேனியல்ஸ் என்ற பொறியாளர். விஸ்கி புட்டி அளவுக்குப் புகழ் கிடைக்காத பெயர். மேதையின் கைப்படம் அருங்காட்சியகத்துக்குப் போகிறது, மற்றவர்கள் பின்குறிப்பில் வருகிறார்கள். மினியின் புகழில் இந்த ஓரவஞ்சனை கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இப்போது செலவுக் கணக்கு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. எஞ்சின் எரிப்பில் சேரும் கசடும், கியர்ப் பற்களில் தேயும் உலோகத்தூளும் ஒன்றாகக் கலந்து சுற்றுகின்றன. எஞ்சினிலிருந்து கீழ்த்தளத்துக்குச் சக்தியை இறக்க இடையில் கூடுதல் பல்சக்கரங்கள் வேண்டும். மினிக்கே உரிய அந்தச் சிணுங்கல் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்து வருவது. கியர்பாக்ஸில் சின்ன வேலை என்றாலும் எஞ்சினோடு சேர்த்து இறக்கியாக வேண்டும். இது மெக்கானிக் கண்ணில் படும் குறை. வாங்கியவர் கண்ணில் பட்டவை வேறு. சோதனைக் கட்டத்திலேயே எஞ்சினை முன்பின்னாகத் திருப்பிவிட்டதால் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தது. மழையில் ஓட்டினால் நனைந்து வண்டி நின்றது. தரைத்தகடுகளின் ஒட்டு தவறான பக்கம் மடிக்கப்பட்டிருந்ததால் தொடக்கத்து வண்டிகளில் தண்ணீர் உள்ளே ஏறிக் கம்பளம் ஊறியது. இங்கிலாந்தில் விற்கும் வண்டி மழைக்குத் தாங்கவில்லை என்றால் அதை அவசரத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

இவற்றை எல்லாம்விடப் பெரிய புண் கணக்குப் புத்தகத்தில். பிரிட்டிஷ் ஃபோர்டு ஒரு மினியை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டது. வண்டிக்குச் சுமார் 30 பவுண்டு பி.எம்.சி.யின் கையைக் கடிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. பிறகு ஃபோர்டு 1962இல் கார்ட்டினாவைக் கொண்டுவந்தது. பின்சக்கர இயக்கம், புதுமை ஒன்றுமில்லை, ஆனால் ஒவ்வொரு பென்னிக்கும் கணக்கு வைத்துச் செய்த வண்டி. அது பணத்தை அள்ளியது. ஃபோர்டின் 30 பவுண்டு சரியா, கொஞ்சம் முன்பின்னா என்று வாதிடலாம். ஆனால் எல்லோரும் விரும்பிய வண்டியைச் செய்த நிறுவனம் அடுத்த வண்டிக்குப் பணமில்லாமல் தேய்ந்தது வரலாறு. வடிவமைப்பாளர் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று சொல்கிற ரசிகர்கள் உண்டு. மக்களுக்கான கார் என்று பெயர் வைத்த பிறகு அந்தச் சலுகை கிடையாது.

இனி டூரினுக்குப் போவோம். ஜாக்கோஸா இஸ்ஸிகோனிஸைவிட ஒரு வயது மூத்தவர், 1928இல் ஃபியட்டில் சேர்ந்தவர். 1936இன் டோப்போலினோ, 1955இன் 600, 1957இன் புதிய 500 எல்லாம் அவர் பொறுப்பில் வந்தவை. நம்மூரில் ஃபியட் என்று ஓடி, பின்னால் பிரிமியர் பத்மினி என்று பெயர் மாறி, பம்பாயின் டாக்ஸியாகவே ஆகிப்போன 1100இன் மூலமும் அவர் மேற்பார்வையில் பிறந்ததுதான். முன்சக்கர இயக்கத்தில் அவருக்கும் ஆசை இருந்தது. ஆனால் ஃபியட்டில் அது கெட்ட சகுனம். 1930களின் தொடக்கத்தில் ஒரு முன்சக்கர இயக்கச் சோதனை வண்டியில் நிறுவனர் ஜொவான்னி அன்யெல்லியே ஏறிப் போக, வண்டி தீப்பற்றிக்கொண்டது. அதோடு அந்தப் பேச்சு பல ஆண்டுகளுக்கு மூடப்பட்டது. 600ஐத் திட்டமிட்டபோதும் ஜாக்கோஸா அதை எடைபோட்டுப் பார்த்தார். ஜாயின்ட்டுகளின் விலையும் ஆயுளும் தோதாக இல்லை என்று எஞ்சினைப் பின்னால் வைத்தார்.

மினி வந்தபின் அவர் அதை நகலெடுக்கவில்லை. அதன் கேள்வியை எடுத்துக்கொண்டு விடையைத் தள்ளினார். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே வரிசையில் நின்றால் எண்ணெய் தனித்தனி, கழற்றுவது தனித்தனி, செய்யும் தொழிற்சாலையும் தனித்தனியாக இருக்கலாம். தடை அகலம் மட்டும்தான். அந்த அகலத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மீட்டார்கள். கிளட்சை இயக்கும் பொறியைச் சுருக்கி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே இருந்த தடிமனைக் குறைத்தார்கள். எத்தோரே கோர்தியானோ என்ற சகபொறியாளருக்கு இதில் பெரும்பங்கு. கியர்பாக்ஸ் ஓரத்துக்குப் போனதால் சக்தி புறப்படும் இடம் நடுவில் இல்லை, ஆகவே ஷாஃப்டுகள் சமமாக இல்லை. நடுக்கோட்டுச் சமன்பாட்டை விரும்பும் எந்தப் பொறியாளர் கண்ணையும் உறுத்தும் ஏற்பாடு இது. அழுத்தி ஓட்டினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஜாக்கோஸா அந்த அழகின்மையை ஏற்றுக்கொண்டார். சிறு எஞ்சினில் அது பொறுக்கக்கூடிய குறை என்று மதிப்பிட்டார். அந்த மதிப்பீடு சரியாக இருந்தது.

நேராக ஃபியட் பெயரிலும் அதை விற்கவில்லை. ஃபியட், பிரெல்லி, பியான்கி மூன்றும் சேர்ந்து நடத்திய ஆட்டோபியான்கி என்ற சிறு நிறுவனத்தின் பெயரில் 1964இல் ப்ரிமூலா வந்தது. எஞ்சின் புதியதல்ல, 1100டியின் 1,221 சிசி எஞ்சின். கெட்டுப்போனால் ஃபியட் பெயர் கெடாது. அங்கே பிழைகளைத் தீர்த்துக்கொண்டு, 1969இல் ஃபியட் 128 வந்தது. ஃபெராரியில் இருந்துவிட்டு வந்த அவுரேலியோ லாம்ப்ரெதியின் 1,116 சிசி எஞ்சின், முன்னால் மெக்பெர்சன் சஸ்பென்ஷன், சூடேறும்போது மட்டும் சுற்றும் மின்விசிறியோடு முன்முகத்திலேயே ரேடியேட்டர். மினியில் ரேடியேட்டர் பக்கவாட்டில் ஒதுங்கி, எஞ்சினோடு சதா சுற்றும் விசிறியோடு இரைந்துகொண்டிருந்தது. 128 அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பியக் கார் விருதைப் பெற்றது. கோல்ஃபை வரைந்த ஜுஜாரோ, வேலை பேசப் போனபோது ஃபோக்ஸ்வாகனில் பிரித்துப் போட்டிருந்த ஒரு ஃபியட் 128ஐப் பார்த்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1974இல் வந்த கோல்ஃபின் ஏற்பாடு அதுவேதான். ஃபியஸ்டா, மாருதி என்று பிறகு எல்லோரும் அந்த வரிசையில் சேர்ந்தார்கள்.

இஸ்ஸிகோனிஸ் தரப்பின் மிக வலுவான வாதத்தை இனி எதிர்கொள்ள வேண்டும். அவருக்கு வேறு வழி இருந்ததா? 1.41 மீட்டர் அகலத்துக்குள், ஏ-சீரிஸ் எஞ்சினை வைத்துக்கொண்டு, கியர்பாக்ஸைப் பக்கத்தில் வைத்திருக்க முடியாது. ப்ரிமூலாவும் பழைய எஞ்சினைத்தான் எடுத்துக்கொண்டது, ஆனால் அது மினியைவிடக் கணிசமாக அகலம். ஆக மினி என்ற அந்த ஒரு வண்டியில் சம்பு ஏற்பாடு தவறல்ல, இருந்த ஒரே கதவு. இதை ஒப்புக்கொள்கிறேன். மினி மட்டுமே அவர் செய்த வண்டி என்றால் வழக்கு சமமாக முடிந்திருக்கும்.

ஆனால் 1964இல் அவர் ஆஸ்டின் 1800ஐக் கொண்டுவந்தார். அகலம் ஏறக்குறைய 1.70 மீட்டர். பக்கத்து அறைக்குத் தாராளமாக மனை இருந்தது. அங்கேயும் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில்தான். 1969இன் மாக்ஸியிலும் அப்படியே. நெருக்கடியில் பிறந்த உபாயம் ஐந்தே ஆண்டில் சித்தாந்தமாகிவிட்டது. என் தீர்ப்பை முடிவு செய்வது மினி அல்ல, இந்த 1800தான். தனக்கு எது கட்டாயம், எது பழக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தவறிய பொறியாளரை அது காட்டிக்கொடுக்கிறது. அதே 1964இல்தான் ப்ரிமூலாவும் வந்தது என்பது இன்னும் உறுத்தல்.

காலம் தந்த சாட்சியமும் ஒரு பக்கமே சாய்கிறது. சம்பு ஏற்பாட்டை எடுத்துக்கொண்ட பெஜோ பிறகு விட்டது, டாட்சன் விட்டது. பி.எம்.சி.யின் வாரிசு நிறுவனமே 1983இல் மேஸ்ட்ரோவைச் செய்தபோது எஞ்சினின் ஓரத்தில் ஃபோக்ஸ்வாகனின் கியர்பாக்ஸை வாங்கி மாட்டியது. 2001இல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த புதிய மினி, பெயரையும் முகத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஜாக்கோஸாவின் ஏற்பாட்டை வைத்துக்கொண்டது.

இஸ்ஸிகோனிஸுக்கு வேறொரு முகமும் உண்டு. 1948இன் மொரிஸ் மைனரைச் செய்தவரும் அவரே. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடிய அந்த வண்டி, பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார். உற்பத்திக்குப் போகும் நேரத்தில் வண்டி ஒடுங்கலாக இருக்கிறது என்று தோன்ற, மாதிரி வண்டியை நடுவில் அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தார். பானெட்டின் நடுவே ஓடும் அந்த மேட்டுப் பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். தன் படத்தைத் தானே அறுத்துத் திருத்தும் மனம் அப்போது இருந்தது. மினியின் புகழுக்குப் பிறகு அது மங்கிவிட்டது. ரேடியோ கூடாது, இருக்கை கொஞ்சம் சங்கடமாக இருந்தால் ஓட்டுநர் விழிப்போடு இருப்பார் என்பதெல்லாம் அவர் கொள்கைகள். விபத்தைத் தவிர்க்கும் அளவுக்கு வண்டி சொன்னபடி கேட்டால் போதும், மோதியபின் காப்பது வடிவமைப்பாளரின் தலைவலி அல்ல என்ற போக்கும் இருந்தது. அதே 1959இல்தான் பேலா பாரேன்யியின் யோசனைப்படி, முன்பின் பகுதிகள் நசுங்கிப் பயணிகள் அறையைக் காக்கும் மெர்சிடஸ் டபிள்யூ111 வந்தது. மினியில் உங்கள் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் இடையே எஞ்சினும் நம்பிக்கையும்தான் இருந்தன.

ஆகவே தீர்ப்பு இது. வண்டியாக வைத்துப் பார்த்தால் மினி 128ஐவிடப் பெரியது. இடத்தைப் பற்றிய அந்த வெறிக்கு 128இல் ஈடில்லை. ஆனால் நவீனச் சிறு காரின் ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு ஜாக்கோஸா என்பதே விடை. மற்றவர் எடுத்து ஆளக்கூடிய, பழுது பார்க்கக்கூடிய, செய்தவரைக் கடனாளி ஆக்காத விடையைக் கொடுத்தவர் அவர். 1999இன் பட்டியல் கண்ணைக் கவர்ந்ததை அளந்தது, உலகம் கைக்கொண்டதை அளக்கவில்லை.

மின்கார்களால் இந்த வழக்கு பழசாகிவிடவில்லை. வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. மோட்டார், கியர், மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் மூன்றையும் ஒரே உறைக்குள் அடக்கி அச்சில் பூட்டுகிறார்கள். பல வடிவமைப்புகளில் மோட்டாரைக் குளிர்விக்கும் எண்ணெயும் கியரை நனைக்கும் எண்ணெயும் ஒன்றுதான். இஸ்ஸிகோனிஸின் பொதுக் குளியல் மறுபடி வந்துவிட்டது. மோட்டாரில் எரிப்பில்லை, கரியில்லை என்பதால் அன்றைய குறை இன்று பெரும்பாலும் இல்லை என்பதை அவருக்காகச் சொல்லியாக வேண்டும். ஆனால் பழுது பார்க்கும் கேள்வி கூடியிருக்கிறது. ஒரு பேரிங் போனாலும் முழு உறையையும் மாற்றச் சொல்கிறார்கள். பேட்டரியையே வண்டியின் எலும்பாக்கிப் பசையால் அடைத்த வடிவங்களில் மெக்கானிக்குக் கழற்றுவதற்கு ஒன்றுமே இல்லை.

இடத்தைப் பற்றிய இஸ்ஸிகோனிஸின் கேள்வியை இந்தத் தலைமுறை இன்னும் சரியாகக் கேட்கவே தொடங்கவில்லை. எஞ்சின் இல்லாத வண்டிகளுக்கும் நீண்ட பானெட். ஹம்மர் மின்வண்டியின் பேட்டரி மட்டும் 1,300 கிலோ, அந்த ஒரு பெட்டியின் எடைக்கு இரண்டு பழைய மினி வரும். மறுகோடியில் சிட்ரோயனின் ஆமி இருக்கிறது. 2.41 மீட்டர், இரண்டு பேர், வேகம் 45 கிலோமீட்டர். இடக்கதவும் வலக்கதவும் ஒரே வார்ப்பு. அதனால் ஒரு கதவு முன்பக்கமும் மற்றது பின்பக்கமும் திறக்கும். முன்முகத் தகடும் பின்முகத் தகடும் ஒன்று. ஷாஃப்ட் சமமில்லாததைப் பொறுத்துக்கொண்ட ஜாக்கோஸா இதைக் கண்டு மகிழ்ந்திருப்பார். ஆனால் சட்டப்படி அது கார் அல்ல. காருக்குரிய மோதல் சோதனையும் அதற்குக் கிடையாது.

நம் சாலைகளில் ஓடும் எம்ஜி காமெட் 2.97 மீட்டர், மினியைவிடச் சற்றே குட்டை. எஞ்சினும் இல்லை, பெட்ரோல் டாங்கும் இல்லை. நான்கு பேர் உட்காரலாம். உட்கார்ந்தபின் பெட்டி வைக்க ஏறக்குறைய இடமில்லை. ஒரு முழு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சுமந்துகொண்டு 1959இல் எட்டிய அளவை அது இன்னும் எட்டவில்லை.